அரைத் திருகு

இப்படி வந்து உட்காருங்கள் அக்கா. அந்த ஓரத்தில் கிரீஸ் இருக்கிறது. தெரியாமல் உட்கார்ந்து எழுந்து என் சுடிதார் ஆப்பிரிக்கா படம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இங்கே வாருங்கள், இவள் காலை நான் மடக்கிக்கொள்கிறேன். தூக்கத்தில் உதைப்பாள், கண்டுகொள்ளாதீர்கள். என் மகள்தான். தன்யஸ்ரீ. வருகிற ஐப்பசிக்கு நாலு முடிகிறது.

வெளியே நிற்கிற வெள்ளை வண்டி உங்களுடையதா? என்ன கோளாறு? மஞ்சள் லைட்டா? இன்ஜின் படம் போட்டது? ஐயோ.

இல்லை இல்லை, நான் ஐயோ என்றது வேறு. நீங்கள் பயப்படாதீர்கள். எனக்கே பயம் கிடையாது. போடிமெட்டு ரோட்டில் இவளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு நான் ஒருத்தியாக மழையில் ஓட்டி இறங்கியிருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த லைட்டை அணைத்துக் கொடு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஏன் எரிகிறது என்று கேளுங்கள். லைட்டை அணைக்கச் சொன்னால் லைட்டை மட்டும்தான் அணைப்பார்கள்.

நீங்கள் டீச்சரா? நினைத்தேன். நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்களே. என் பெயர் நாகஜோதி. கோம்பைக்குப் பக்கத்தில் ஊர். நைட்டி வியாபாரம். சந்தை சந்தையாகப் போவேன். வண்டியின் டிக்கியைத் தூக்கினால் கடை, இறக்கினால் வீடு. நல்ல பருத்தி, சாயம் போகாது. உங்களுக்கு எக்ஸெல் சரியாக இருக்கும். இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு எல்லாவற்றையும் வீட்டில் காயப் போட்டிருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

வண்டி பழசுதான். பன்னிரண்டு வருஷ வண்டி. எங்கள் வீட்டுக்காரர் குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வண்டிக்கு நான்தான், நான் இருக்கிற இடத்தில் இவள்தான். பின்சீட்டில் இவள் இடம் டிரைவருக்குப் பின்னால். அங்கே ஒரு தலையணை, ஒரு பொம்மை, ஒரு முறுக்கு டப்பா. ஊரிலே சில பிள்ளைகள் வீட்டில் வளரும். இவள் அந்தப் பின்சீட்டில் வளர்ந்தவள்.

போன சித்திரையில்தான் ஆரம்பித்தது. என்னிடம் ஒரு பழக்கம் உண்டு, நல்ல பழக்கம். பங்கில் பெட்ரோல் போடும்போது டக்கென்று தானாக நிற்கும் இல்லையா? எல்லாரும் அதோடு மூடிக்கொண்டு போவார்கள். நான் விடமாட்டேன். அரிசி அளக்கிறபோது படியைத் தட்டினால் இன்னும் ரெண்டு பிடி கொள்ளுகிறதே, அந்த மாதிரிதான். இறங்கி வண்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நன்றாகக் குலுக்குவேன். பிறகு இன்னும் கொஞ்சம் போடச் சொல்வேன். மறுபடி குலுக்குவேன். வாய் வரைக்கும் வந்து பெட்ரோல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் போதும் என்பேன். பங்கில் வேலை செய்கிற பெண்கூட, "அக்கா வந்துட்டாங்க, வண்டிக்குத் தாலாட்டுப் பாட" என்று கேலி செய்வாள். ஒருநாள் அந்தக் கேலியில் சிரித்துக்கொண்டே மூடியை வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் அதே அளவில் வேறு மூடி வாங்கிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு ஈ போக இடமில்லை.

அந்த மாதம்தான், பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. இருமி இருமி நின்றது. ரெண்டு நாளில் மஞ்சள் லைட்.

எங்கள் மதினி இந்திராணி, எங்கள் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்களுக்கு எதிர்வீடு. மதினியின் வீட்டுக்காரர் வனராஜ் அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். டிராக்டர், பம்புசெட்டு, கதிரடிக்கிற களத்து மிஷின் எல்லாம் பார்ப்பார். கார் மட்டும்தான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. ஆனால் கை வைத்தால் எதுவும் ஓடிவிடும். சொந்தத்தில் ஆள் இருக்கும்போது தேனிக்கு எதற்கு என்று அவரிடமே விட்டேன்.

நான் அவரை அவசரப்படுத்தினேன் என்று மதினி இப்போது சொல்கிறார். அவசரமெல்லாம் படுத்தவில்லை. நாலு தடவைதான் போன் பண்ணினேன். மறுநாள் தேவாரம் சந்தை. "அண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அந்த லைட்டு நாளைக்குக் காலையில எரியக்கூடாது, அவ்வளவுதான்" என்றேன். இது அவசரமா? நீங்களே சொல்லுங்கள்.

சாயங்காலம் போனபோது ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார். எண்ணெய் டின் அளவு இருக்கும். அதிலிருந்து குழாய்கள். பெட்ரோல் டேங்கிலிருந்து ஒன்று அதற்கு வருமாம், அதிலிருந்து இன்னொன்று இன்ஜினுக்குப் போகுமாம். எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன், உள்ளே சளக் சளக்கென்றது.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"கரி, தங்கச்சி. அடுப்புக்கரி! பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்குமாம். காத்துக் கெட்டுப்போகக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் வச்சது. நம்ம ஊர்க் காத்துக்கு இது என்னத்துக்கு? இதுதான் உன் வண்டிய மறிக்குது. தூக்கிட்டேன்."

டேங்கிலிருந்து வருகிற குழாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டார். பின்சீட்டையும் தூக்கி என்னவோ பார்த்திருக்கிறார். இவள் தலையணையும் பொம்மையும் முன்சீட்டில் கிடந்தன. சாவியைப் போட்டேன். லைட் இல்லை. வண்டியும் சட்டென்று ஸ்டார்ட் ஆனது. "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்ணே" என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு. மதினி டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம், சந்தையில் வண்டியை வெயிலில் நிறுத்தியிருந்தேன். இவள் பின்சீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சீட்டுக்கு அடியில யாரோ இருக்காங்க."

"யாரும் இல்லடா தங்கம்."

"இருக்காங்க. கதவைத் தட்டுறாங்க."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். டொம். கேட்டது அக்கா. நிஜமாகவே கேட்டது. தகர டின்னின் அடியை உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலால் அமுக்கி விட்டது போல. டொம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே.

எனக்கு இந்தப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எட்டாவது வரைக்கும் அறிவியலில் நான்தான் முதல் மார்க். ஆனாலும் பிள்ளை பயப்படுகிறதே என்று சீட்டுக்கு அடியில் கொஞ்சம் விபூதி போட்டு வைத்தேன். ஒரு எலுமிச்சம்பழமும். அது பிள்ளைக்காக.

அப்புறம் வாடை. முதலில் ஒருத்தி நைட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "ஏக்கா, இதப் போட்டுட்டு அடுப்புகிட்ட நிக்கச் சொல்றியா? பெட்ரோல் வாடை குப்புனு அடிக்குது" என்று பத்துப் பேர் முன்னால் என் மூஞ்சியில் வீசினாள். முகர்ந்து பார்த்தேன். ஆமாம். எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நாள் முழுக்க அதிலேயே இருக்கிறவளுக்குத் தெரியாது போல. இவள் தலையை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய் வாடைக்கு மேலே பெட்ரோல் வாடை. அன்றைக்கு ராத்திரி இவள் தலைக்கு மூன்று தடவை சீயக்காய் போட்டேன். அழுதாள். நானும்... சரி, அதை விடுங்கள்.

வனராஜ் அண்ணனிடம் போனேன். "புது வேலை செஞ்சா கொஞ்ச நாளைக்கு வாடை இருக்கும் தங்கச்சி, புதுப் பெயிண்ட் மாதிரி" என்றார். சத்தத்தைச் சொன்னேன். மதினி குறுக்கே வந்து, "அந்த வண்டிய இதுக்கு முன்ன வச்சிருந்தவன் எப்படிச் செத்தான்னு விசாரிச்சீங்களா?" என்றார். அவர் சாகவே இல்லை அக்கா, கம்பத்தில் உயிரோடு திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். சொன்னால் மதினி கேட்கவேண்டுமே.

நானாகவே பார்க்க ஆரம்பித்தேன். எப்போது தட்டுகிறது, எப்போது இல்லை. காலையில் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது இல்லை. வெயில் ஏறினால் தட்டும். சாயங்காலம் காற்று குளிர்ந்தால் மறுபடி தட்டும். ஒருநாள் மத்தியானம் பெட்ரோல் போட மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ் என்று முகத்தில் அடித்தது. என் கண்ணாடி வளையலே நடுங்கியது. அதற்கப்புறம் அன்று முழுக்கச் சத்தம் இல்லை! மறுநாளும் மூடியைத் திறந்து மூடினேன். சத்தம் இல்லை. மூடியைத் திறந்தால் பேய் போய்விடுகிறது.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டுக் குக்கரில் ஒருதரம் விசில் போகிற ஓட்டையில் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டது. விசிலே வரவில்லை. குக்கர் மட்டும் அடுப்பில் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு துடைப்பக்கட்டையால் அடுப்பை அணைத்தேன். அதே கதைதான் இது. ஆவி போகிற வழியை அண்ணன் போல்ட் போட்டு அடைத்துவிட்டார். பழைய மூடியாக இருந்தால் அதுவாவது கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும், நான் வாங்கிப் போட்டது ஈகூடப் போகாத மூடி. ஆக, என் பிள்ளை இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது அடைத்த குக்கர் மேலே.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "மூடியத் திறந்தா சத்தம் நிக்குதுண்ணே."

"அப்பத் திறந்து வச்சே ஓட்டு தங்கச்சி" என்று சிரித்தார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான்... கொஞ்சம் இருங்கள், இவளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களை நான் இனிமேல் பார்க்கப் போவதில்லை, அதனால் சொல்கிறேன். மறுநாள் காலையில் நான் மூடியை அரைத் திருகு தளர்த்தி வைத்தேன். முழுக்கத் திறக்கவில்லை. அரைத் திருகுதான். குக்கர் மூச்சு விடட்டும் என்று. மூடிக்கு மேலே இருக்கிற சின்னத் தகரக் கதவைச் சாத்திவிட்டால் வெளியே தெரியாது. சத்தம் நின்றது. இவள் பயமில்லாமல் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் இவளுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலுக்குப் போகவேண்டும். வீட்டு வாசலில் காலையிலிருந்தே வண்டி வெயிலில் நின்றது. பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வேனுக்குப் போய்விட்டார். இவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பின்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு நான் முன்னால் ஏறினேன். சாவியைப் போடப் போகிறேன், மதினி கையைக் காட்டி நிறுத்தினார். கையில் வெண்பூசணிக்காய். மேலே கட்டி கட்டியாகச் சூடம்.

"இருத்தா. என் மருமகளுக்குக் கண்ணு பட்டிருக்கு. வண்டிக்கும் என்னமோ பிடிச்சிருக்கு. சுத்திப் போட்டுட்டு எடு."

சரி மதினி என்றேன். நல்ல எண்ணத்தில்தானே செய்கிறார். சூடத்தைப் பற்றவைத்தார். முன்பக்கத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தார். எங்கள் மதினி குள்ளம், அக்கா. பூசணிக்காயோ நல்ல கனம். தலைக்கு மேல் தூக்க முடியாது. இடுப்பில் தாங்கிக்கொண்டுதான் சுற்றினார். இடுப்பு உயரம்.

முதல் சுற்றை நான் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான் பார்த்தேன். மதினி பின்பக்கம் வந்தார். பெட்ரோல் மூடி இருக்கிற இடத்தைத் தாண்டினார். அந்தத் தகரக் கதவுக்குப் பக்கத்தில் காற்று நெளிந்தது. தார்ரோட்டில் வெயிலில் நெளியுமே, அப்படி. வெயில்தான் என்று நினைத்தேன்.

ரெண்டாவது சுற்றில் மதினி இன்னும் ஒட்டி வந்தார், அந்தப் பக்கம் சாக்கடை இருந்ததால். சூடத்தின் நாக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது, வண்டியின் பின்பக்கம் வந்ததும் வண்டிப் பக்கமாகச் சாய்ந்தது. காற்றே இல்லை. வாசல் மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அது மட்டும் சாய்ந்தது.

அரைத் திருகு.

எனக்கு உடம்பே இல்லாமல் போய்விட்டது அக்கா. கை எங்கே, கதவு எங்கே என்று தெரியவில்லை. பின்னால் திரும்பினேன். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெல்ட் பட்டனை இவளால் அமுக்க முடியாது. நானே சில நேரம் ரெண்டு கையாலும் அமுக்குவேன். கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மதினி முன்பக்கம் திரும்பி மூன்றாவது சுற்றைத் தொடங்கிவிட்டார், வாயில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. என் பிள்ளைக்காகத்தான் முணுமுணுக்கிறார்.

இறங்கிவிட்டேன். இறங்கி ஒரு நொடி நின்றேன். பின்கதவைத் திறந்து பிள்ளையை எடுப்பதா, நெருப்பிடம் போவதா. இவ்வளவு நாளும் அந்த ஒரு நொடிதான் எனக்குக் கனவில் வருகிறது. பெல்ட்டைக் கழற்ற நேரம் போதாது. நான் பிள்ளையை விட்டுவிட்டு நெருப்பிடம் ஓடினேன்.

மதினி பின்சக்கரத்துக்கு வந்துவிட்டார். உள்ளங்கையை அப்படியே சூடத்தின் மேல் வைத்து அமுக்கினேன். அணைகிற வரைக்கும் எடுக்கவில்லை. பாருங்கள், இதுதான். இப்போது பரவாயில்லை, தோல் உரிந்து புதுசு வந்துவிட்டது. அப்போது வலிக்கவே இல்லை. பூசணிக்காய் கீழே விழுந்து ரெண்டாக உடைந்தது.

சொந்தம் முழுக்க நிற்கிறது.  மதினிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அணைச்சுட்டியேடி! எம் மருமகளுக்கு எடுத்த சூடத்தக் கையால அணைச்சுட்டியேடி பாவி! வண்டியில பேய் இல்லடா தம்பி, உன் பொண்டாட்டிகிட்டதான்டா இருக்கு!"

"பெட்ரோல் மதினி, பெட்ரோல் ஆவி, பத்திக்கும்" என்றேன். என் பல் தந்தியடித்ததில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வனராஜ் அண்ணன் வந்து, "நான் செஞ்ச வேலையில ஆவி எப்படி வரும்? நல்லா அடைச்சுல்ல இருக்கேன்" என்றார். தகரக் கதவைத் திறந்து மூடியைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் காட்டவில்லை. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது நான் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல், மூடியை இறுக்கிவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை அக்கா. அதுதான் என் மேல் குற்றம். பற்றி எரிந்திருந்தால் நம்பியிருப்பார்கள். எரியாத நெருப்புக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவேன்? எல்லாரும் வேனில்தான் போனோம். காது குத்தினார்கள். இவள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து சத்தம் போடாமல் குத்திக்கொண்டாள், கெட்டிக்காரி. மதினி அன்றிலிருந்து பேசுவதில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார். "வேற மெக்கானிக் வாயால சொல்லட்டும் நாகு, நான் அக்காகிட்டப் பேசறேன்." அதனால்தான் இந்த பிரிட்டோ தம்பியைத் தேடி வந்தேன். நேற்று நான் மட்டும் தனியாக, மூடியை மறுபடி அரைத் திருகு தளர்த்தி, நாலு கண்ணாடியையும் இறக்கி, முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டி வந்து விட்டுவிட்டுப் போனேன். இன்றைக்கு பஸ்ஸில் வந்தோம். இவளை விட்டுவிட்டு வரவேண்டும் என்றால் மதினியிடம்தான் விடுவேன். இனி யாரிடம் விடுவது?

பிரிட்டோ நல்ல பையன். பேச்சே கிடையாது. சாவியை முதல் சுற்றுத் திருப்பி, "எல்லா லைட்டும் ஒருதரம் எரிஞ்சு அணையணும்க்கா. பாருங்க, இது மட்டும் எரியவே இல்ல" என்றான். மீட்டரைக் கழற்றினால், அந்த மஞ்சள் லைட்டுக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அண்ணன் அதைத்தான் செய்திருக்கிறார். நான் கேட்டது அதைத்தானே. அப்புறம் போல்ட்டை எடுத்துக் காட்டினான். கரிப்பெட்டி ஏன் கெட்டது என்றும் சொன்னான். "பெட்ரோலக் கழுத்து வரைக்கும் நிரப்பினா ஆவிக்குப் பதிலா பெட்ரோலே கரியில போய் ஊறிரும்க்கா. யாராச்சும் வண்டியக் குலுக்கிப் போடுவாங்களா?" என்றான். "எங்க வீட்டுக்காரரு" என்றேன். எனக்கென்ன தெரியும், சட்டென்று வந்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. "மூடி தளர்ந்திருக்கே, யாரு?" என்றான். "வனராஜ் அண்ணன்தான்" என்றேன். "அப்ப உள்ள அடிச்ச வாடைக்கு அதான் காரணம். புது கரிப்பெட்டி, புது மூடி, குழாய் மாத்தினா முடிஞ்சிரும்" என்று போய்விட்டான். அதோ, பின்னால் அந்த வேலைதான் நடக்கிறது. இன்னும் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவானாம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

தளர்த்தியது நான் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா? மதினிக்குத் தெரிந்துவிடும். சூடம் எடுத்தபோது ஆவி வந்தது என்னால்தான் என்று ஆகிவிடும். வாடை மூடியால் வந்தது, மூடி தளர்ந்தது அண்ணனால், அவ்வளவோடு...

இருங்கள். இருங்கள் அக்கா.

நைட்டியைத் திருப்பிக் கொடுத்தவள் எப்போது வந்தாள்? நான் மூடியைத் தளர்த்துவதற்கு முன்னால். இவள் தலையில் சீயக்காய் போட்டது? அதுவும் முன்னால்தான். மூடி அப்போது கல் மாதிரி இறுகி இருந்தது. ஈ போக இடமில்லை. அப்படியானால் உள்ளே வாடை எங்கிருந்து வந்தது?

நான் பொய் சொன்னேன், அவன் அதை வைத்து வண்டியைப் பார்க்கிறான். வைத்தியரிடம் வயிற்றுவலியைத் தலைவலி என்று சொன்ன கதை. இதோ வருகிறேன். இல்லை, இவளை விட்டுவிட்டுப் போகமாட்டேன், தூக்கிக்கொண்டே போகிறேன். ஒர்க்ஷாப் கேட்டுக்கு வெளியே நின்று கத்திச் சொல்கிறேன்.

●

இன்னும் இருக்கிறீர்களா? உங்கள் வண்டி முடியவில்லையா? நல்லதாகப் போயிற்று. எனக்கு நல்லது என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன் அக்கா. கேட்டில் நின்றே கத்தினேன். "பிரிட்டோ தம்பி, மூடியத் தளர்த்தினது நான்தான். வண்டியக் குலுக்கினதும் நான்தான். மூடி இறுக்கமா இருந்தப்பவே உள்ள வாடை வந்துச்சு" என்று. டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிரிட்டோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மூடி இறுக்கமா இருந்தப்பவா? நிச்சயமாவா?" "நிச்சயமா." உடனே பேட்டரி வயரைக் கழற்றினான். கதவு நாலையும் திறந்தான். இவள் தலையணையை எடுத்து வெளியே போட்டான். சீட்டைத் தூக்கினான்.

சீட்டுக்கு அடியில் ஒரு வட்டத் தகடு இருக்குமாம். அதற்குக் கீழேதான் டேங்கின் வாய், பெட்ரோலை இழுக்கிற மோட்டார். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கவேண்டும். அண்ணன் கழற்றிப் பார்த்தபோது அது அறுந்திருக்கும் போல. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டிருக்கிறார். பெட்ரோலில் அது ஊறி, பிள்ளைகள் மென்று துப்புகிற பபிள்கம் மாதிரி ஆகிவிட்டது. சுற்றி ஈரம். என் விபூதி அந்த ஈரத்தில் சேறாகக் கிடந்தது. இவள் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பக்கத்திலேயே வயர் ஓடுகிறது.

பிரிட்டோ வெளியே வந்து கையைக் கழுவினான். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீர் குடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மூடியை மாற்றிக் கொடுத்திருப்பான். நானும் இவளைப் பெல்ட் போட்டு அதே இடத்தில் உட்கார வைத்துக் கோம்பைக்கு ஓட்டிப் போயிருப்பேன். பாட்டுப் போட்டுக்கொண்டு.

டியூபைப் போட்டோ எடுத்து வனராஜ் அண்ணனுக்கு அனுப்பினேன். மூடியைத் தளர்த்தியது நான்தான் என்றும் பேசி அனுப்பினேன். பார்த்ததும் போன் வந்தது. நான் சண்டைக்குத் தயாராக எடுத்தேன். அவர் ஹலோகூடச் சொல்லவில்லை. "பாப்பா எங்க இருக்கு?" என்றார். "என் தோள்ல தூங்குதுண்ணே." "வண்டிக்குள்ள இல்லல்ல?" "இல்லண்ணே." அப்புறம் பட்டறையில் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மதினி போனை வாங்கினார். "பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ்ல வா. வண்டி எக்கேடோ கெடட்டும்" என்றார். பதினாறு நாளைக்கப்புறம் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. இவளைப் பற்றியதுதான், என்னைப் பற்றியது இல்லை. ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

பஸ்ஸில் போகலாம்தான். நாளைக்கு? நாளன்றைக்கு? டிக்கியைத் தூக்காமல் நான் எப்படிப் பிழைப்பது? என்றைக்காவது ஒருநாள் யாராவது அந்தச் சாவியைத் திருப்பித்தானே ஆகவேண்டும்.

பிரிட்டோ எல்லாம் முடித்துவிட்டான். கடையிலிருந்து சரியான வளையம் வாங்கி வந்து போட்டான். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. மஞ்சள் லைட்டில் ஒட்டிய டேப்பை உரித்தான். அரை மணி நேரம் எல்லாக் கதவும் திறந்து கிடக்கட்டும் என்றான், கிடந்தது. மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான். என்னையும் முகரச் சொன்னான். எனக்கு எல்லாமே பெட்ரோலாகத்தான் அடிக்கிறது, இந்த பெஞ்சுகூட, இவள் தலைகூட. என் மூக்கை இனிமேல் நம்ப முடியாது.

கேட்டதா? கூப்பிடுகிறான். "ஸ்டார்ட் பண்ணுங்கக்கா, நான் பின்னாடி நின்னு பாத்துக்கறேன்" என்கிறான். அவனே ஸ்டார்ட் பண்ணலாம்தான். நான் பண்ணுகிறேன் என்று நான்தான் சொன்னேன். நாளைக்கு ஓட்டப் போகிறவள் நான்.

பயமெல்லாம் இல்லை. இவளை இந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறேன், அவ்வளவுதான், அது சூடம் சுட்ட கை.

அக்கா, உங்கள் பேர்கூட நான் கேட்கவில்லை. ரெண்டு மணி நேரமாக உங்களைப் பார்த்துக்கொண்டேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இவளைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். தலையைத் தாங்கிப் பிடியுங்கள், அப்படித்தான். எழுந்தால் அழுவாள், பையில் முறுக்கு இருக்கிறது. அத்தை பேர் இந்திராணி, போனில் மதினி என்று இருக்கும். போன் பையிலேயே இருக்கிறது, பூட்டு கிடையாது.

இங்கே வேண்டாம். ரோட்டுக்குப் போய்விடுங்கள். இன்னும் தள்ளி. அந்தக் கரண்டுக் கம்பம் தாண்டி. இல்லை அக்கா, பத்தாது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

வண்டிச் சத்தம் கேட்டு, அப்புறம் என் குரலும் கேட்டால் வாருங்கள். சத்தம் மட்டும் கேட்டால் வராதீர்கள்.